தில்லை முகடும் திருக்கோயில் தளமும்

தில்லை என்னும் திருப்பெயர் ஒரு மரத்தின் பெயர். இன்று சிதம்பர நகருக்குள் அம்மரத்தைத் தேடிக் காண்பது அரிது. நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்று முகத்திற்கும் கொள்ளிட முகத்திற்கும் இடையே பரந்து கிடக்கும் பிச்சாவரத்துக் கழிக்காட்டிற்குச் சென்றால், சுரபுன்னையும் கண்டலும் அடர்ந்த கரைகளில் தில்லை மரம் இன்றும் காட்சி தரும். ஒடித்த கிளையில் வடியும் அதன் பால் கண்ணிற் பட்டால் பெருந்துன்பம் விளைக்கும். ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட இக்காடே கூத்தப்பெருமான் நடம் புரிந்த தில்லைவனத்தின் எச்சம் என்று அடியார்கள் போற்றி வருகின்றனர்.

பிச்சாவரத்திற்கும் பொன்னம்பலத்திற்கும் உள்ள தொடர்பு மரத்தோடு முடிவதன்று. சோழர் குலத்தின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் பிச்சாவரம் சோழகனார் மரபினர், தில்லைத் திருக்கோயிலில் தீட்சிதர்களின் திருக்கரத்தால் முடிசூடும் வழக்கத்தை உடையவர்கள். சோழர்க்கன்றி முடிசூட்ட மாட்டோம் என்று கூற்றுவ நாயனாரிடம் தில்லைவாழ் அந்தணர் மறுத்துரைத்ததையும், அதன்பின் அவர்கள் ஒரு குடியை மட்டும் வழிபாட்டிற்கு நிறுத்திவிட்டுச் சேரநாடு சென்றதையும் சேக்கிழார் பெருமான் உரைத்திருக்கிறார். அரசர்க்கு முடியணிந்த அந்த அம்பலத்திற்கு அரசர் அணிவித்த முடியே பொன்முகடு.

கூரையிடுதலை ‘வேய்தல்’ என்பது பழந்தமிழ் வழக்கு. ஓலையும் புல்லும் கொண்டு குடில் வேய்ந்த நாளிற் பிறந்த அந்தச் சொல், செம்பும் பொன்னும் ஏறிய பிறகும் மாறவில்லை. கல்வெட்டுகளில் ‘பொன் மேய்ந்த’ என்றும், ‘பொன் வேய்ந்த’ என்றும் வரும். பொன்னால் வேய்ந்த பேரரசரும், கீற்றால் வேய்ந்த கழிக்கரை மீனவரும் ஒரே தொழிலைச் செய்தவர்களே என்று தமிழ்மொழி கருதியது போலும்!

தில்லைச் சிற்றம்பலத்தை முதலிற் பொன் வேய்ந்தவர் யார் என்ற வினாவிற்குப் பல விடைகள் உள. உமாபதி சிவாசாரியார் அருளிய கோயிற்புராணம் இரணியவர்மன் என்னும் மன்னனைக் கூறும். நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும், கொங்குநாட்டுப் பொன்னைக் கொணர்ந்து அம்பல முகட்டில் அணிந்தவன் ஆதித்த சோழன் என்பர். ஆனைமங்கலச் செப்பேடுகளும் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் அப்பெருமையை அவன் மகன் முதற் பராந்தகனுக்கு (907–955) உரியதாக்குகின்றன. பராந்தகனின் மைந்தராகிய கண்டராதித்தரும், பாண்டிநாடும் ஈழமும் கொண்ட வேந்தன் அம்பலம் பொன் வேய்ந்ததைத் தம் திருவிசைப்பாவிற் பாடியிருக்கிறார். தந்தை தொடங்கியதை மைந்தன் நிறைவேற்றினான் என்று கொள்வதில் இழுக்கில்லை. ஒருவர் வேய்ந்ததை மற்றொருவர் மீண்டும் வேய்ந்தார் என்று கொள்வது இன்னும் பொருந்தும். ஏனெனில் அதற்குப் பின்னும் அந்த முகடு பலமுறை வேயப்பெற்றது.

முதற் குலோத்துங்கனின் 44-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1114-இல், அம்மன்னனின் தங்கை குந்தவை சிற்றம்பலம் முழுவதையும் பொன் வேய்ந்தாள் என்று தில்லைக் கல்வெட்டே சான்று பகர்கிறது. காம்போச நாட்டு வேந்தன் காட்டிய கல்லொன்று மன்னன் ஆணையால் இங்கே பதிக்கப்பட்ட செய்தியும் அதனோடு சேர்ந்து வருகிறது. கடல் கடந்த நாடும் இச்சபையைக் கருதியிருந்தது என்பதற்கு அது சான்று. குந்தவையின் திருப்பணி முடிந்து சில ஆண்டுகளே கழிந்த நிலையில், விக்கிரம சோழன் தன் 10-ஆம் ஆட்சியாண்டில் (1128) கோயிலின் பல பகுதிகளைப் பொன்மயமாக்கினான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் தில்லையையும் திருவரங்கத்தையும் பொன்னால் அணிசெய்து, ‘கோயில் பொன் வேய்ந்த பெருமாள்’ என்னும் விருதுப்பெயரையே பெற்றான். நாடு பல வென்ற ஒருவன் கூரை வேய்ந்ததைத் தன் பெயராக்கிக்கொண்ட அருமை எண்ணுதற்குரியது.

இத்திருப்பணியாளர்களுள் தனித்து நினைக்கத் தக்கவர் மணவிற் கூத்தன் என்னும் நரலோகவீரர். முதற் குலோத்துங்கன், விக்கிரமன் ஆகிய இருவரிடத்தும் படைத்தலைமை பூண்டிருந்த அவர் சிற்றம்பலத்தைப் பொன்னால் வேய்ந்தார். அத்துடன் நில்லாது பேரம்பலத்தைச் செம்பால் வேய்ந்தார். நூற்றுக்கால் மண்டபம் எடுத்தார். தேவாரத் திருப்பதிகங்களைச் செப்பேட்டில் எழுதுவித்தார். பெருமான் நின்றாடும் சபைக்குப் பொன் அளித்த கை, அடியார் கூடும் சபைக்கும் மழை நனையாத கூரை அளித்தது. இவ்விரண்டையும் ஒரே பாடல் வரிசையில் வைத்துப் பொறித்த தில்லைக் கல்வெட்டு, ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை.

பொற்கூரையின் உட்பொருளை அடியார்கள் நன்கு அறிவர். ஓடுகள் 21,600 என்பது ஒரு நாளில் மாந்தர் விடும் மூச்சின் கணக்கு. நிமிடத்திற்கு 15 ஆக 24 மணி நேரத்திற்குப் பெருக்கினால் அத்தொகையே வரும். ஆணிகள் 72,000 என்பது நாடிகளின் கணக்கு. கைமரங்கள் 64 கலைகளையும், கலசங்கள் 9 சக்திகளையும் குறிக்கும் என்பர். இத்தத்துவத்தில் தொழிலறிவும் பொதிந்துள்ளது. பொன் துருப்பிடிப்பதில்லை, மங்குவதுமில்லை. ஆயின் ஓட்டைத் தாங்குவது ஆணி, ஆணியைத் தாங்குவது மரம். ஓர் ஆணி தளர்ந்தாற் போதும், அவ்வழியே மழைநீர் புகுந்து கைமரத்தை அரிக்கும். மூச்சுக்கு ஓர் ஓடென்று கணக்கிட்டவர்கள், ஆணியையும் எண்ணிவைத்தது வீண்போகவில்லை.

1648-இல் போர் அச்சத்தால் கூத்தப்பெருமான் தில்லையை நீங்கிக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் எழுந்தருளியிருந்து, மராட்டிய மன்னர் சம்பாஜியின் காலத்தில், 1686-இல் மீண்டும் தம் சபைக்கு எழுந்தருளினார். ஏறத்தாழ 38 ஆண்டுகள்! திருவாரூரிற் கிடைத்த செப்பேடுகள் அக்காலத்துத் திருப்பணியையும் குடமுழுக்கையும் அறிவிக்கின்றன.

பொன்முகட்டின் வரலாறு இவ்வாறு பாடலாகவும் பட்டயமாகவும் நிலைபெற்றிருக்க, அதனைச் சூழ்ந்துள்ள தட்டைத் தளங்களின் வரலாற்றை எழுதினார் எவருமில்லை. 40 ஏக்கருக்கு மேற்பட்ட தில்லைத் திருக்கோயிலில் ஆயிரக்கால் மண்டபமும், திருச்சுற்று மாளிகைகளும், பிற மண்டபங்களும் தட்டைக் கற்றளமே உடையவை. சேக்கிழார் திருத்தொண்டர் புராணம் அரங்கேற்றியதாக மரபு கூறும் ஆயிரக்கால் மண்டபத்தில் நிமிர்ந்து நோக்கினால் தெரிவது கல்லே. ஆயினும் மழையைத் தடுப்பது அக்கல் அன்று. தூண்மேல் போதிகை, போதிகைமேல் உத்திரம், உத்திரத்தின்மேல் கற்பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இணைப்பு இருந்தே தீரும். அந்த இணைப்பின்மேல் நீர் நில்லாதபடி செய்வது கண்ணுக்குத் தெரியாத சுருக்கித் தளம்.

பிச்சாவரக் கழியிலிருந்து எழும் உப்புக்காற்று சிதம்பரம் வட்டாரத்துக் கோயில்கள் அனைத்தின்மேலும் வீசுகிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்கிறது. எஞ்சிய திங்கள்களில் கடும் வெயில். ஈரமும் வெப்பமும் உப்பும் மாறி மாறித் தாக்கும் இந்நிலத்தில் தளம் வெடித்தல் இயற்கை. வெடிப்பில் பறவை இட்ட ஆலம் விதையோ அரசம் விதையோ விழுந்தால் அடுத்த மழையில் முளை கிளம்பும். மேலே செடியை மட்டும் வெட்டிவிட்டு வேரை விட்டுவிடுவது, நோயை மறைத்து வளர்ப்பதாகும்.

பழைய தளத்தை மாற்றும் முறை பொறுமை வேண்டுவது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து மூர்த்தியின் சக்தியைக் கலசத்திலோ சிற்றாலயத்திலோ எழுந்தருளச் செய்வர். சிதைந்ததைப் புதுப்பித்துச் செய்யும் இக்குடமுழுக்கைப் புனராவர்த்தம் என்பது நூல் வழக்கு. பின்னர்ப் பழைய சுருக்கியைக் கற்பலகை தெரியும் வரையில் பெயர்த்தெடுத்தல் வேண்டும். இணைப்புகளைத் தூய்மை செய்து, காரை நிரப்பி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியைப் பரப்புவர். ஜல்லி இரண்டரைப் பங்கு, சுண்ணாம்புக் காரை ஒரு பங்கு என்பது பெருவழக்கு. கழிமுகத்துக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு தளத்திற்குச் சிறந்தது. அதைக் குழியில் ஊறவைத்து, வட்டப் பள்ளத்தில் மாடிழுக்கும் கல்லுருளையால் அரைத்துப் பதம் செய்தனர் முன்னோர்.

பரப்பிய சுருக்கியைச் சிற்றாட்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் பல நாள் அடிப்பர். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லம் கரைத்த நீரையும் தெளித்துத் தெளித்து அடிக்க, தளம் இறுகிக் கட்டை துள்ளத் தொடங்கும், அதுவே பதம். வெல்லம் சேர்ந்த நீரில் சுண்ணாம்பு மிகுதியாகக் கரையும் என்பதை இக்கால வேதியியலும் ஒப்புகிறது. அவ்வாறு கரைந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாக மாறும். மேலே தட்டோடு பதித்து இணைப்பைப் பூசி, அடிக்குக் கால் அங்குல அளவேனும் வாட்டம் வைத்துத் தூம்பை நோக்கி நீரை ஓடச் செய்வர். வாட்டம் இன்றேல் மற்ற எல்லாம் வீண்.

இடைக்காலத்தில் இம்முறை தளர்ந்தது. 1824-இல் இங்கிலாந்தில் உரிமைப் பதிவு பெற்ற சிமெண்டு, அடுத்த நூற்றாண்டில் இந்நாட்டில் எங்கும் பரவிற்று. 1904-இல் சென்னையிலேயே, கிளிஞ்சலைக் கொண்டே அதனைச் செய்யும் முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. சிமெண்டு விரைவில் இறுகும், ஆட்கூலி குறையும், குடமுழுக்கு நாள் நெருங்கும்போது அதன்மேல் மனம் செல்வது இயல்பே. ஆனால் சுண்ணாம்புத் தளம் உட்புகுந்த ஈரத்தை வெளியே விடும். மேலே பூசிய சிமெண்டோ அதை உள்ளேயே அடைத்து வைக்கும். அடைபட்ட ஈரம் கீழ்நோக்கி வழி தேடும்போது, பலகை இணைப்பில் உப்புப் பூத்து, ஓவியம் உள்ள விதானமாயின் ஓவியமே உரிந்து விழும்.

அதனினும் பெரும் பிழை, பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதுத் தளம் போடுவது. 100 சதுர அடியில் 4 அங்குலக் கனத்திற்குச் சுருக்கி இட்டால் 33 கன அடி ஆகும்; எடை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மூன்று குடமுழுக்கில் மூன்று அடுக்கு ஏறினால், அதன் சுமை முழுவதும் ஒரு கருங்கல் உத்திரத்தின்மேல் விழும். கல் நசுக்கலைத் தாங்கும், வளைவைத் தாங்காது. உத்திரத்தின் அடிவயிற்றில் மயிரிழை போன்ற ஒரு பிளவு தோன்றும் வரையில் கீழே நிற்பவர் எதையும் அறியார். இரும்புத் தூண் நிறுத்தி முட்டுக் கொடுத்த மண்டபங்கள் சிலவற்றின் வரலாறு இதுவே.

அண்மைக் காலத்தில் இதனைக் குறித்து விழிப்பு ஏற்பட்டிருப்பது நன்று. திருவரங்கத்தில் 2015-இல் நிறைவுற்ற திருப்பணியில், பிற்காலத்தில் சேர்த்த கட்டுமானங்கள் நீக்கப்பெற்று, மழைநீர் வடியும் பழைய அமைப்புகள் சீர்செய்யப்பட்டன. அதற்கு 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய-பசிபிக் மரபுடைமைப் பாதுகாப்பு விருது வழங்கிற்று. சுந்தரபாண்டியன் பொன் வேய்ந்த திருக்கோயில், நீர் வடித்ததற்காக உலகப் புகழ் பெற்றது! 2021-இல் சென்னை உயர்நீதிமன்றமும் பழமை வாய்ந்த திருக்கோயில்களைப் பேணுதற்கு 75 நெறிமுறைகளை வகுத்தளித்தது.

ஆயினும் பொருளுதவி செய்யும் அன்பர் உள்ளம் கோபுர வண்ணத்தையும் கலசத்தையும் நாடுவது போலத் தளத்தை நாடுவதில்லை. கலசத்திற்குப் பொன் அளித்தவர் பெயர் கல்வெட்டில் அமைகிறது. தளத்திற்குச் சுண்ணாம்பு அளித்தவர் பெயர் கணக்கேட்டோடு நின்றுவிடுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்து ஒருங்கே பொறிக்கப்பெற்ற நரலோகவீரரை அறிந்தோர், மண்டபத் தளத்தின் ஒரு சதுரத்தை ஏற்றுக்கொள்வதைச் சிறு கைங்கரியம் என்று எண்ணார். நாள் குறிப்பதிலும் அவர்கள் பொறுமை காட்டல் வேண்டும். தை பிறந்தபின் தொடங்கிய சுருக்கி, ஐப்பசி மழைக்குமுன் உலர்ந்து இறுகக் காலம் உண்டு. ஆவணியில் தொடங்கி அவசரமாக மூடியதற்கு அது இல்லை.

தில்லையில் 2015 மே 1-இல் மகா கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே கடலூர் மாவட்டம் பெருமழையிலும் வெள்ளத்திலும் மூழ்கியது. அதற்கு நான்காண்டுகள் முன், 2011 டிசம்பர் 30-இல், தானே புயல் இதே கரையைத் தாக்கிற்று. இக்கடற்கரையில் தளம் போடுவோர் சாதாரண மழைக்கன்றி இத்தகைய மழைக்கே அளவு கொள்ளல் தகும்.

புதுத் தளம் இறுகிய பின் கொத்தனார்கள் அதனைச் சோதிக்கும் முறை எளிது. தூம்பு வாய்களைக் களிமண்ணால் அடைத்து, தளத்தின்மேல் கணுக்கால் அளவிற்கும் குறைவாக நீர் கட்டி, மூன்று நாள் விடுவர். நான்காம் நாட்காலை மண்டபத்திற்குள் விளக்கேந்திச் சென்று, ஒவ்வொரு பலகை இணைப்பாக அண்ணாந்து பார்ப்பர். ஈரம் கசிந்த இணைப்பிற்கு நேர்மேலே தளத்தில் சுண்ணாம்பால் குறியிட்டு, அந்த இடத்தை மட்டும் பெயர்த்து மீண்டும் அடிப்பர். எங்கும் ஈரம் இல்லையெனில் களிமண்ணை எடுத்துவிடுவர். நீர் வாட்டம் பார்த்துத் தூம்பு வழியே திருமதிலின் புறத்தே இறங்கும்.