விரலா, இயந்திரமா?

அன்னி பெசன்ட்டை நமக்கு அடையாறு பிரம்மஞான சபையோடும் ஹோம் ரூல் இயக்கத்தோடும்தான் தெரியும். இந்தியாவுக்கு வருவதற்கு ஐந்தாண்டு முன்பு, 1888 ஜூனில், லண்டனின் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். விரல் வெட்டுப்படாமல் காத்துக்கொள்ளப் போன ஒரு பெண், இயந்திரத்தில் இழை சுற்றிக்கொள்ளும்படி விட்டுவிட்டாள். அபராதம் ஒரு ஷில்லிங். விரலை விட்டு இயந்திரத்தைக் கவனிக்கும்படி அவளுக்குப் புத்திமதி வேறு. அந்தப் புத்திமதிப்படி நடந்த இன்னொருத்தி விரலை இழந்தாள். வேலை செய்ய முடியாமல் கிடந்த நாட்களில் அவளுக்கு எந்த உதவியும் இல்லை. வாரம் 4 ஷில்லிங் வாங்கும் பதினாறு வயதுப் பெண்ணும் அதே கட்டுரையில் வருகிறாள். அவள் கணக்கில் ஒரு ஷில்லிங் என்பது கால் வாரக் கூலி.

ஜூலையில் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து அபராத முறையை ஒழித்தார்கள்.

அபராதம் போனாலும் அதன் நியாயம் போகவில்லை. 1911இல் பிரிட்டன் வேலையின்மைக் காப்பீட்டைச் சட்டமாக்கியது. வாரம் 7 ஷில்லிங். கட்டுமானம், கப்பல் கட்டுதல், பொறியியல் என்று முதலில் சேர்க்கப்பட்டவை பெரும்பாலும் ஆண்களின் தொழில்கள். தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டவருக்கு 6 வாரம் உதவித்தொகை கிடையாது என்ற விதியும் கூடவே வந்தது. 1920இல் திட்டம் விரிந்தபோது ஆணுக்கு 15 ஷில்லிங், பெண்ணுக்கு 12. வீட்டுவேலை செய்த பெண்கள் வெளியிலேயே நின்றார்கள். தொகையில் ஆண் பெண் பேதம் பார்த்த சட்டம், தண்டனையில் பார்க்கவில்லை.

இங்கேயும் அதே நியாயம்தான். உயிரிழப்பு நேராத விபத்தில், பாதுகாப்புக் கவசத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியிருந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டாம் என்றது 1923ஆம் ஆண்டுச் சட்டம். 2005இல் இ.எஸ்.ஐ. கொண்டுவந்த வேலையின்மைப் படித் திட்டம், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களை ஒதுக்கி வைத்தது.

தமிழ் கற்பிப்பவள் என்பதால் நான் அந்த ‘வேண்டுமென்றே’யில் நின்றுவிடுகிறேன். வேண்டியது யாருக்கு? கவசம் இருந்தால் கை மெதுவாகிறது, உருப்படி குறைகிறது, கூலியும் குறைகிறது. கழற்றினால் குற்றம். மெமோவில் கழற்றிய கையைப் பற்றி எழுதுகிறார்கள். அந்தக் கையை விரட்டிய கணக்கைப் பற்றி எழுதுவதில்லை. அந்த ஒரு தாளை வைத்தே வேலையும் போகிறது, வேலையில்லாத நாட்களுக்கான படியும் போகிறது.

கவசத்தைக் கழற்றியது யார் என்று கேட்கும் விசாரணை, அன்றைக்கு எத்தனை உருப்படி முடிக்கச் சொன்னார்கள் என்பதையும் கேட்டு எழுத வேண்டும்.