கடைப் பையனுக்கு ஒரு பதக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஓட்டம் முடிந்து நாங்கள் ஆறு பேர் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்று எங்களோடு புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். கடைசி ஏற்றத்தில் எங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு முன்னால் போனவன், மேலே எங்களுக்காகக் காத்து நின்றான். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும், "கடை தொறக்க நேரமாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். சைக்கிள் கடையில் வேலை செய்கிறான்.

"அவனுக்கென்ன, நாள் முழுக்க சைக்கிளோடயே கெடக்குறான். சாமான் எல்லாம் கடையிலயே கிடைச்சிடும். நம்மள மாதிரி ஆசைக்கு ஓட்டுறவனா அவன்?" என்றார் ஒரு நண்பர்.

நானும் தலையாட்டினேன். தே தாரிக் வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அந்த 'நம்மள மாதிரி' உறுத்தத் தொடங்கியது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நானே அந்தப் பையனாக இருந்தேன். ஜொகூரில் பொறியியல் படித்த காலத்தில், சனிக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் ஒரு சீன அங்கிளின் சைக்கிள் கடையில் வேலை செய்தேன். பாஞ்சிட் ஒட்டுவது, செயின் மாற்றுவது, சக்கரத்தின் நெளிவை எடுப்பது. யாரும் வாங்காமல் கிடந்த ஓர் அலுமினியச் சட்டத்தில் மிச்சம் மீதிச் சாமான்களைப் பூட்டி அங்கிள் எனக்கு ஒரு சைக்கிள் கட்டித் தந்தார். "ஓட்டு லா. விழுந்தா சம்பளத்துல பிடிக்கமாட்டேன்" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் நடந்த ஒரு பந்தயத்துக்குப் போனேன். பதிவு மேசையில் இருந்தவர் என் சட்டையில் இருந்த கடைப் பெயரைப் பார்த்தார். "நீ மெக்கானிக்காச்சே. அமெச்சூர் பிரிவுல எப்படி ஓட்டுவே?" என்றார். பாதி கிண்டல்தான். சிரித்துக்கொண்டே எண்ணையும் கொடுத்துவிட்டார். நான் பதினேழாவதாக வந்தேன்.

அவர் கிண்டலாகக் கேட்டது ஒரு காலத்தில் எழுத்தில் இருந்த விதி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

*

'அமெச்சூர்' பிரெஞ்சுச் சொல். வேர் லத்தீனில் இருக்கிறது. நேசிப்பவர் என்று பொருள். காசுக்காக இல்லாமல் ஆசைக்காகச் செய்கிறவர். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விளையாட்டுச் சங்கங்கள் இந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தபோது, யார் நேசிக்கிறார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. யாரை வெளியே நிறுத்துவது என்றுதான் யோசித்தார்கள். புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டி 1879-இல் எழுதிவைத்த விதியின்படி, கூலிக்கு மெக்கானிக்காகவோ கைவினைஞராகவோ தொழிலாளியாகவோ வேலை செய்கிறவர் அமெச்சூர் இல்லை. இப்போது செய்கிறவர் மட்டுமல்ல, எப்போதாவது செய்திருந்தாலும் இல்லை. படகோட்டிக் காசு வாங்கினாரா என்பது இரண்டாவது கேள்வி. கையால் வேலை செய்து பிழைத்தாலே ஆள் வெளியே. உடலுழைப்பு செய்கிறவனுக்கு உடல் தேறியிருக்கும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கனவான்களுக்கு எதிராக அது நியாயமற்ற அனுகூலம் என்று அதற்கு நியாயமும் சொன்னார்கள்.

மாமாக் கடையில் என் நண்பர் சொன்னதும், நான் தலையாட்டியதும் இதற்குத்தான்.

இந்த விதி சீக்கிரம் செத்துவிடவில்லை. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் ஹென்லியில் ஓட்ட வந்த ஆஸ்திரேலிய எட்டுப் பேர் அணியை அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம், அவர்கள் காவல்துறையில் வேலை பார்ப்பவர்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள்.

சைக்கிளில் விஷயம் இன்னும் சிக்கலானது. படகைப் போல அல்லாமல், சைக்கிள் விற்பனைக்கு வந்த இயந்திரம். எந்தச் சைக்கிள் ஜெயிக்கிறதோ அது விற்கும். அதனால் 1880-களிலேயே இங்கிலாந்தின் சைக்கிள் கம்பெனிகள் நல்ல ஓட்டக்காரர்களைத் தங்கள் ஊழியர்கள் என்று கணக்கில் எழுதிச் சம்பளம் கொடுத்தன. காகிதத்தில் அவர் எழுத்தர். நிஜத்தில் கம்பெனியின் விளம்பரம். அவர்களுக்குத் 'தயாரிப்பாளரின் அமெச்சூர்கள்' என்றே பெயர் வந்தது. சங்கங்கள் அவர்களைப் பிடிப்பதிலும் தடைசெய்வதிலும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டின. கடையில் வேலை செய்துகொண்டே பந்தயம் ஓட்டுகிறவன் மேல் சந்தேகம் விழத் தொடங்கியது இப்படித்தான்.

அந்தச் சந்தேகத்தோடு தோலின் நிறமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவருடைய வாழ்க்கை இருக்கிறது.

*

மார்ஷல் டெய்லர் 1878 நவம்பர் 26-ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்தார். அப்பா ஒரு பணக்கார வெள்ளையர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டியவர். அந்த வீட்டுப் பையனுக்கு விளையாட்டுத் துணையாக மார்ஷல் சில வருடம் அங்கேயே வளர்ந்தான். மற்றப் பிள்ளைகளிடம் இருந்ததுபோல அவனுக்கும் ஒரு சைக்கிள் கிடைத்தது. அந்தக் குடும்பம் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தபோது அம்மா மகனை விடவில்லை. பையன் சைக்கிளோடு தன் வீட்டுக்குத் திரும்பினான். பத்திரிகை போட்டான். தானாகவே சில வித்தைகளும் பழகிக்கொண்டான்.

ஒரு நாள் சைக்கிளைப் பழுதுபார்க்க 'ஹே அண்ட் வில்லிட்ஸ்' என்ற கடைக்குக் கொண்டுபோனான். திரும்பும்போது வித்தை காட்டி ஏறிப் போனதைப் பார்த்த முதலாளி, வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். வாரம் 6 டாலர் சம்பளம், கூடவே ஒரு புது சைக்கிள். காலையில் கடையைப் பெருக்கித் துடைக்க வேண்டும். மாலையில் கடை வாசலில் வித்தை காட்ட வேண்டும். வித்தைக்கு ராணுவ உடை மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். அந்த உடையால் ஒட்டிக்கொண்ட பட்டம்தான் 'மேஜர்'. உலகம் கடைசிவரை அவரை மேஜர் டெய்லர் என்றே அழைத்தது. கூட்டம் சேர்க்கக் கடை வைத்த பெயர் அது.

அதே கடை வருடாவருடம் பத்து மைல் பந்தயம் ஒன்றை நடத்தியது. பரிசுக்கான தங்கப் பதக்கம் கடைக் கண்ணாடிக்குள் தொங்கும். பையன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே தூசி துடைப்பான். பந்தயத்தன்று வேடிக்கை பார்க்க நின்றவனை முதலாளி இழுத்துவந்து கோட்டில் நிறுத்தினார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடு, கூட்டம் சிரிக்கும் என்பதுதான் எண்ணம். பலவீனமானவர்களை முன்னால் அனுப்பும் முறைப்படி அவனுக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் புறப்பட அனுமதி. பையன் திரும்பவில்லை. பத்து மைலையும் ஓட்டி, சில வினாடி வித்தியாசத்தில் ஜெயித்து, கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தான். விழித்தபோது பதக்கம் சட்டையில் குத்தியிருந்தது. அதை நேரே அம்மாவிடம் கொண்டுபோனான். அப்போது அவனுக்கு இன்னும் பதினைந்துகூட ஆகவில்லை.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கடை அவனைக் கேலிப் பொருளாக நிறுத்தியது. ஆனால் அவனைக் கோட்டில் நிறுத்தியதும் கடைதான். அன்று அமெரிக்காவில் நல்ல சைக்கிளின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. வாரம் 6 டாலர் வாங்குகிறவன் சாப்பிடாமல் சேர்த்தாலும் பதினேழு வாரம் ஆகும். அவனுக்கு ஆசை இருந்தது. ஆசை மட்டும் இருந்து என்ன செய்வது?

*

அதற்குப் பிறகும் அவர் கடைகளின் வழியாகவே வளர்ந்தார். ஹியர்சி என்பவரின் கடையில் வாடிக்கையாளர்களுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். பிறகு பழைய பந்தய வீரரும் சைக்கிள் தயாரிப்பாளருமான லூயிஸ் மங்கரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பட்டறை வேலையும் எடுபிடி வேலையும் செய்துகொண்டே பயிற்சி எடுத்தார்.

இதற்கிடையே 1894-இல் அமெரிக்காவின் பெரிய சைக்கிள் அமைப்பான 'லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்' லூயிவில் நகரில் கூடி, உறுப்பினர் தகுதியில் 'வெள்ளையர்' என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தது. ஆதரவாக 127 வாக்கு, எதிராக 54. கறுப்பர்கள் பந்தயம் ஓட்டக் கூடாது என்று அதில் எழுதவில்லை. ஆனால் ஊர் மன்றங்களும் பந்தயத் திடல்களும் கதவைச் சாத்த அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. 1895 ஜூன் 30-இல் நடந்த 75 மைல் சாலைப் பந்தயத்தில் முடிவுவரை ஓட்டிச் சேர்ந்தவர் டெய்லர் ஒருவர்தான். அந்த வருடமே மங்கர் தன் தொழிலை மாசசூசெட்ஸின் வூஸ்டருக்கு மாற்றியபோது டெய்லரும் கூடப் போனார். இண்டியானாபொலிஸில் ஒய்.எம்.சி.ஏ.-வின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளேகூட விடாத பையனை வூஸ்டரில் சேர்த்துக்கொண்டார்கள்.

1896-இல், பதினெட்டு வயதில், அவர் தொழில்முறை வீரரானார். ஆசைக்கு ஓட்டுகிறவர்களின் மன்றம் அவரைச் சேர்க்கவில்லை. காசுக்கு ஓட்டுகிறவர்களின் திடலில் டிக்கெட் விற்க வேண்டியிருந்தது. அங்கே அவர் பெயருக்குக் கூட்டம் வந்தது. அமெச்சூர் என்பது தூய்மை, காசு என்பது கறை என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். டெய்லருக்கு அது தலைகீழாக நடந்தது.

காசுத் திடலும் கருணை காட்டவில்லை. சேர்ந்து வளைத்து வழியடைப்பார்கள். 1897-இல் டான்டன் நகரில் ஒரு பந்தயம் முடிந்ததும், தோற்ற வீரர் ஒருவர் டெய்லரைக் கீழே இழுத்து நினைவு தப்பும்வரை கழுத்தை நெரித்தார். அதற்குத் தண்டனை 50 டாலர் அபராதம்.

ஆனாலும் 1899 ஆகஸ்ட் 10-இல் மான்ட்ரியலில் ஒரு மைல் விரைவோட்டத்தில் டெய்லர் உலக சாம்பியன் ஆனார். இது நமக்கு அந்நியமான ஓட்டமில்லை. 2017-இல் ஹாங்காங்கில் அசிசுல்ஹஸ்னி அவாங் கெய்ரினில் உலகப் பட்டம் வென்றபோது நாம் திரையில் பார்த்ததும் இதே குடும்பம்தான். காத்திருத்தல், இடம் பிடித்தல், கடைசி சில நூறு மீட்டரில் வெடித்துக் கிளம்புதல். டெய்லர் 1901-இல் ஐரோப்பாவுக்குப் போனார். மதநம்பிக்கையால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டமாட்டேன் என்றதால், அவருக்காகப் பந்தய நாட்களை மாற்றினார்கள். பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் போனார். 1904-இல் சிட்னியில் பிறந்த மகளுக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்.

1910-இல் ஓய்வு. சம்பாதித்த பணம் தொழில் நஷ்டத்திலும் நோயிலும் கரைந்தது. 1928-இல் தன் வரலாற்றைத் தானே அச்சிட்டு, வீடு வீடாகப் போய் விற்றார். 1932 ஜூன் 21-இல் சிக்காகோவின் அரசு மருத்துவமனையில், இலவச வார்டில் இறந்தார். பெயர்க்கல் இல்லாத குழியில் புதைத்தார்கள். 1948-இல் பழைய பந்தய வீரர்கள் சிலர் அவரைத் தோண்டியெடுத்து முறையான கல்லறையில் வைத்தார்கள். செலவை ஏற்றவர் ஷ்வின் சைக்கிள் கம்பெனியின் முதலாளி. அந்த ஒரு சொல்லை அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெற லீகுக்கு 1999 வரை ஆனது.

*

ஒலிம்பிக் சைக்கிள் பந்தயங்களில் 1996 முதல் தொழில்முறை வீரர்களும் ஓட்டலாம். ஏட்டில் சுவர் விழுந்துவிட்டது. எங்கள் மாமாக் கடை மேசையில் விழவில்லை.

இன்று நான் ஓட்டும் கார்பன் சைக்கிளின் விலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். என் ஆசைக்கு என் மாதச் சம்பளம் காசு கட்டுகிறது. அன்று என் ஆசைக்கு அங்கிளின் கடை காசு கட்டியது. அவரும் சும்மா கட்டவில்லை. சட்டையில் கடைப் பெயர் இருந்தது, பந்தயத்துக்குப் பிறகு இரண்டு வாடிக்கையாளர்களும் வந்தார்கள். யாரோ ஒருவர் கட்டித்தான் எல்லாரும் ஓட்டுகிறோம். கட்டுகிறவர் நாமே என்றால் அதற்கு ஆசை என்று பெயர். இன்னொருவர் என்றால் 'அவனுக்கென்ன'.

போன வாரம் பின்சக்கரத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பையன் வேலை செய்யும் கடைக்குப் போனேன். நெளிவு எடுக்க வேண்டியிருந்தது. எனக்கே தெரிந்த வேலைதான். அவன் சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றிவிட்டு, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ஸ்போக்கை அரைத் திருப்பு திருப்பினான். மறுபடி சுழற்றினான். நான் செய்திருந்தால் இன்னும் இரண்டு மடங்கு நேரம் ஆகியிருக்கும்.

"ஞாயித்துக்கிழம வர்றியா தம்பி?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமதான்ணே கடையில கூட்டம். அன்னிக்கு ஒரு நாள் முதலாளி விட்டாரு" என்றான் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சனிக்கிழம காலையில, கடை தொறக்குறதுக்கு முன்னால?"

அவன் சக்கரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "உங்க ஆளுங்க அவ்வளவு சீக்கிரம் எந்திரிப்பாங்களாண்ணே?"

குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவே கேட்டேன். இதுவரை இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னையும் சேர்த்து மூன்று.