அடக்கிய கண்ணீரும் தலைவலியும்: ஒரு சொல்லின் பயணம்

கல்கத்தாவில் ஹோமியோபதி வேரூன்றிய கதையைச் சொல்வோர் ஈசுவர சந்திர வித்யாசாகரின் தலைவலியைத் தவறாமல் குறிப்பிடுவர். நெடுநாள் வாட்டிய அவ்வலியை, மருத்துவப் பட்டம் பெறாத செல்வந்தரான இராஜேந்திரலால் தத்தர் ஹோமியோபதி மருந்தால் போக்கினார் என்பது அக்கதை. பின்னர் வித்யாசாகர் தாமே அம்மருத்துவத்தைப் பயின்று, கர்மாடாரில் சந்தால் மக்களுக்கு மருந்து வழங்கினார். தத்தரின் தாக்கத்துக்கு உள்ளான மற்றொருவர் மகேந்திரலால் சர்க்கார். எம்.டி. பட்டம் பெற்ற அவர் 1867-இல் ஹோமியோபதியை வெளிப்படையாக ஆதரித்து, சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டார்.

1856-ஆம் ஆண்டின் கைம்பெண் மறுமணச் சட்டத்துக்காக வித்யாசாகர் தாங்கிய வசைகளை அறிந்த இன்றைய வாசகருக்கு, விழுங்கிய வேதனைதான் தலைவலியாயிற்றோ என்று தோன்றக்கூடும். இவ்வூகம் நம் காலத்தது. ஹானிமான் 1828-இல் நாட்பட்ட நோய்களைப் பற்றி எழுதியபோது அவரை அலைக்கழித்தது உணர்ச்சியின் அடக்கம் அன்று, சொறியின் அடக்கம். களிம்பு பூசித் தோலிலிருந்து விரட்டப்பட்ட சொறி உள்ளே திரும்பிப் பல நோய்களாக வெளிப்படும் என்றார். தலைவலியும் அவற்றுள் ஒன்று.

மனநிலையை அவர் புறக்கணித்தார் என்பதன்று. மருந்தைத் தேர்வதில் நோயாளியின் மனப்பாங்குக்கு முதன்மையான இடம் உண்டு என்பது 1810-இல் வெளிவந்த ‘ஆர்கனான்’ வழிவந்த கொள்கை. கெண்ட் 1897-இல் வெளியிடத் தொடங்கிய ரெபர்ட்டரியின் முதற்பிரிவே மனம்தான். இம்மரபில் ஆணி அறைந்தாற்போன்ற வலியோடு துயரத்தை உள்ளடக்கியவருக்கு இக்னேஷியா. சம்மட்டியடி போன்ற வலியோடு, ஆறுதல் சொன்னால் எரிந்துவிழுபவருக்கு நேட்ரம் மூரியாட்டிகம், அதாவது நாம் உண்ணும் உப்பு. மருந்துக் கையேடு என்பதைவிட இதை உணர்ச்சிகளின் அகராதி என்றே மொழியியல் மாணவர் படிப்பார். ஃபிராய்டுக்குப் பிந்தைய வாசகர்களோ, சொறிக்குரிய ‘அடக்கம்’ என்ற சொல்லின்மேல் உளப்பகுப்பாய்வின் பொருளையும் ஏற்றிவிட்டனர். ஒரே சொல்லுக்குள் இரண்டு கோட்பாடுகள் ஓசையின்றிக் கலந்தன.

இக்கலவை இந்தியாவில் எளிதில் ஏற்கப்பட்டதற்கு இங்கிருந்த வேறொரு மரபும் துணைநின்றிருக்கலாம் என்பது என் கருத்து. அடக்கக்கூடாத உடல் வேகங்கள் பதின்மூன்றைச் சரகர் பட்டியலிடுகிறார். கண்ணீரும் அதில் அடங்கும். கண்ணீரை அடக்கினால் வரும் கேடுகளுள் தலைவலியையும் வாக்படர் வைக்கிறார். ஆனால் அதே சரகர், சினம், துயரம், அச்சம் ஆகியவற்றை அடக்கியே ஆகவேண்டும் என்கிறார்! கண்ணீர் உடலின் வேகம், துயரம் மனத்தின் வேகம் என்ற நுட்பமான பிரிவினை அது. ‘அடக்கிய உணர்ச்சி’ என்று இன்று பொதுவாகச் சொல்லும்போது இப்பிரிவினை அழிந்துபோகிறது. (அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வைத்த மொழியில் இதைப் பேசுவது சற்றுச் சங்கடந்தான்.)

பயன் குறித்து மழுப்ப விரும்பவில்லை. 30 என்ற வீரியத்தில் மூலப்பொருள் ஒன்றுக்குப்பின் 60 சுழியங்கள் மடங்கு நீர்க்கப்படுகிறது. மூலக்கூறு எதுவும் எஞ்ச வாய்ப்பில்லை. எந்நோய்க்கும் நம்பத்தக்க சான்றில்லை என்றே ஆஸ்திரேலியத் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் 2015-இல் முடிவுரைத்தது. ஆயினும் நோயாளியிடம் நெடுநேரம் கேள்வி கேட்டு, அவர் துயரத்தைச் சொல்லவைக்கும் வழக்கம் அம்மருத்துவத்தில் உண்டு. அடக்கிய கண்ணீருக்குப் பழைய ஆயுர்வேத நூல்கள் விதிக்கும் மருத்துவம் மூன்று: உறக்கம், மது, இனிய பேச்சு.