அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: ரெகுலர் எக்ஸ்பிரஷன் வந்த கதை

இன்னைக்கு ஒரு சின்ன கோடிங் வேலையில இருந்து ஆரம்பிப்போம். ஒருத்தர் ஃபார்ம்ல போன் நம்பரை இடைவெளி, கோடு, அடைப்புக்குறி எல்லாம் போட்டு டைப் பண்ணியிருக்கார். நமக்கு எண்கள் மட்டும் போதும். [^0-9] அப்படின்னா 'எண் அல்லாத ஏதோ ஒரு எழுத்து'. அது வர்ற இடத்துல எல்லாம் காலி ஸ்ட்ரிங்கைப் போட்டா, வேலை முடிஞ்சது.

ஆனா இந்தக் குறியீடு எதையும் அழிக்கறதுக்காகப் பிறக்கல. 1943-ல் மெக்கல்லக், பிட்ஸ் ரெண்டு பேரும் மூளையின் நரம்பு செல்களுக்கு ஒரு கணித மாதிரி கொடுத்தாங்க. அந்த மாதிரியால எந்தெந்த நிகழ்வுகளை அடையாளம் காண முடியும்? 1951-ல் கணிதவியலாளர் ஸ்டீஃபன் கிளீனி இதை ஆராய்ந்து, பதிலை எழுத ஒரு குறிமுறையை உருவாக்கினார். அதுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். அவர் கேட்டது 'பொருந்துதா, இல்லையா' என்பது மட்டும்தான்.

1968-ல் கென் தாம்சன் இதை உரையில் தேடும் வழியாக மாற்றினார். பிறகு பெல் ஆய்வகத்தில், யூனிக்ஸின் 'எட்' எடிட்டருக்குள்ளும் கொண்டு வந்தார். அங்கே அவரோட சக ஊழியர் லீ மெக்மஹனுக்கு ஒரு சிக்கல். 1787-88-ல் புனைபெயரில் வந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதினாங்கன்னு மொழிநடையை வெச்சு ஆராயணும். ஆனா அவ்வளவு உரையும் 'எட்'டுக்குள்ள அடங்கல. தாம்சன் தேடும் பகுதியை மட்டும் பிரிச்சுக் கொடுத்தார். அதுதான் 'கிரெப்'. பின்னாடி மெக்மஹனே 'செட்' எழுதினார். வரி வரியா வாங்கி, தேடி, மாற்றி, அழிக்கற கருவி அது.

இங்கேதான் கேள்வி மாறுது. அழிக்கணும்னா 'பொருந்துதா'ன்னு தெரிஞ்சா போதாது. 'எங்கிருந்து எங்க வரைக்கும்'னு தெரியணும். இந்தக் கருவிகள்ல நட்சத்திரக் குறி முடிஞ்ச வரைக்கும் நீளமா எடுத்துக்கும். ஹெச்டிஎம்எல் டேகுகளை நீக்க <.*> எழுதிப் பாருங்க. வரியில முதல் < தொடங்கி கடைசி > வரைக்கும் மொத்தமும் போயிடும், நடுவுல இருந்த வாசகமும் சேர்த்து. எர்ரர் கூட வராது. <[^>]*> எழுதினா, அடுத்து வர்ற > குறியோட நின்னுடும்.

அதனால கோடில் எதையாவது அழிக்கறதுக்கு முன்னாடி, அதே பேட்டர்னை வெச்சு முதல்ல தேடிப் பாருங்க. எது போகப் போகுதுன்னு கண்ணால பார்த்துட்டு அப்புறம் அழிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!