வழக்கறிஞர் அல்லாத வாதாடுவோர்

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் சலுகைக்காக வழக்கறிஞர் அல்லாதோர் வாதாடுவது உரிமை இயக்கத்தில் பிறந்த பணி. சக்கர நாற்காலியில் இயங்கிய ஜாவேத் அபிதி இதழியல் படித்தவர்; அவர் முன்னின்ற போராட்டத்தின் பலனாகவே 1995இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான முதல் சட்டம் நிறைவேறியது. அவர் தொடுத்த வழக்கில், 80 சதவீதமும் அதற்கு மேலும் இயக்கக் குறைபாடு உள்ளோருக்கு விமானக் கட்டணச் சலுகை வழங்க 1998இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய வெற்றி அது.

2009இல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம், வழக்கறிஞர் அல்லாதோரும் சேரக்கூடிய சட்டம் சார் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கியது. இப்பணிக்குப் புதிதாக வருபவருக்கு அது எளிய வாசல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை 7இலிருந்து 21 ஆக்கியது. பெரும்பாலான சலுகைகளுக்கு குறைந்தது 40 சதவீதக் குறைபாட்டுக்கான மருத்துவச் சான்று வேண்டும். அந்தச் சான்றைப் பெறும் அலைச்சலில்தான் துணை மிகுதியாகத் தேவைப்படுகிறது.