கையெழுத்து அழகாக இருந்தால் நூலகத்தில் வேலை

நூலகத்தில் வேலை என்றதும் நம்மில் பலருக்கு என்ன நினைவுக்கு வரும்? ஒரு நீளமான மேசை, அதன் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு ஒருவர், பக்கத்தில் தேதி முத்திரை, மை டப்பா. ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களின் வேலை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள், தலை சுற்றும். பைத்தான் தெரிய வேண்டும், எக்ஸ்.எம்.எல். தெரிய வேண்டும், ஆர்.டி.எஃப். தெரிந்தால் நல்லது. பதவியின் பெயரே "மெட்டாடேட்டா நூலகர்", "லிங்க்டு டேட்டா நூலகர்" என்றெல்லாம் இருக்கும். இது நூலகமா, சாஃப்ட்வேர் கம்பெனியா என்று சந்தேகம் வருவது இயற்கை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. நூலக வேலை என்றைக்குமே தொழில்நுட்ப வேலைதான். அந்தந்தக் காலத்துத் தொழில்நுட்பம் எது என்பதுதான் மாறியிருக்கிறது.

1887-இல் நியூயார்க்கில் கொலம்பியா கல்லூரியில் மெல்வில் டூயி முதல் நூலகப் பள்ளியைத் தொடங்கினார் (நம் நூலகங்களின் முதுகில் எண் ஒட்டக் காரணமான அதே டூயி). முதல் வகுப்பில் 20 பேர். அதில் 17 பேர் பெண்கள். அந்தக் காலத்து நூலகப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று கையெழுத்து! "லைப்ரரி ஹேண்ட்" என்று அதற்குப் பெயர். புத்தக விவரங்களை அட்டையில் எழுத வேண்டும், யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், படிப்பவர் திணறக்கூடாது. அதற்காக எழுத்தைச் சுழிக்காமல், சாய்க்காமல், உருண்டையாக எழுதப் பழக்கினார்கள். இன்றைக்கு விளம்பரத்தில் பைத்தான் இருக்கும் இடத்தில் அன்று கையெழுத்து இருந்தது.

பிறகு தட்டச்சு வந்தது. 1901-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், அதாவது லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், அச்சடித்த அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்க ஆரம்பித்தது. கையெழுத்துக்கு இருந்த மரியாதை மெல்லப் போனது.

இனிதான் கதையின் நாயகி வருகிறார். ஹென்ரியெட் ஆவ்ரம். 1919-இல் பிறந்தவர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, பிறகு கணிதம் படித்து, 1950-களில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் ஐ.பி.எம். 701 கணினிக்கு நிரல் எழுதியவர். நூலகவியல் பட்டம் அவரிடம் கிடையாது. 1965-இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் வேலைக்குச் சேர்ந்தார். கையில் கொடுக்கப்பட்ட வேலை: அந்த அட்டையைக் கணினிக்குப் புரிய வைக்க வேண்டும்.

கேட்க எளிது. ஆனால் ஓர் அட்டையில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். ஆசிரியர் பெயர் சில புத்தகத்தில் ஒன்று, சிலவற்றில் நான்கு, சிலவற்றில் இல்லவே இல்லை. தலைப்பு மூன்று எழுத்தாகவும் இருக்கும், மூன்று வரியாகவும் இருக்கும். அன்றைய கணினிகளுக்குப் பழக்கமானது சம்பளப் பட்டியல் மாதிரியான தரவு: பெயருக்கு இத்தனை இடம், தொகைக்கு இத்தனை இடம், முடிந்தது. நூலக அட்டை அந்த அச்சில் அடங்காது. ஆவ்ரம் இதைத் தனியாக உட்கார்ந்து தீர்க்கவில்லை. ரூத் ஃப்ரைடாக், கே கைல்ஸ் என்ற இரண்டு நூலகக்காரர்களோடு சேர்ந்துதான் 1965-இல் முதல் வரைவைக் கொண்டுவந்தார். அட்டையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் அது உருவாகியிருக்க வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் மார்க். "எந்திரம் படிக்கத்தக்க நூற்பட்டியல்" என்பதன் சுருக்கம். 1966 நவம்பரில் 16 நூலகங்களுக்குக் காந்த நாடாக்களில் அனுப்பிச் சோதித்தார்கள். 1969 மார்ச்சில் ஆங்கிலப் புத்தகங்களுக்கான விநியோகம் முறையாகத் தொடங்கியது. 1973-க்குள் அதன் கட்டமைப்பு உலகத் தரமாகவே ஆகிவிட்டது.

மார்க்கின் சூட்சுமம் இவ்வளவுதான். ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று இலக்க எண். 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 650 என்றால் பொருள். பதிவின் தொடக்கத்தில் 24 எழுத்து நீளத் தலைப்பகுதி, அடுத்து ஒரு சின்ன அட்டவணை. எந்த எண்ணுக்குரிய தகவல் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அது சொல்லிவிடும். எனவே தலைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் கவலையில்லை. 1960-களின் யோசனை என்று பார்த்தால் சும்மா சொல்லக்கூடாது, அபாரம்.

(நண்பர்களுக்கு ஒரு சின்ன வேலை. நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற இலவச மென்பொருளைத்தான் இந்தியாவில் நிறையக் கல்லூரி நூலகங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் கல்லூரியிலும் கோஹா இருந்தால், ஏதாவது ஒரு புத்தகத்தைத் தேடி "மார்க் வியூ" என்பதைச் சொடுக்கிப் பாருங்கள். ஆவ்ரம் அம்மையாரின் எண்கள் வரிசையாக நிற்கும்.)

மார்க் வந்ததும் வேலையின் தன்மை மாறியது. ஒகையோவில் ஃப்ரெட் கில்கூர் 1967-இல் தொடங்கிய ஓ.சி.எல்.சி. என்ற அமைப்பு, 1971 ஆகஸ்ட் 26 அன்று நூலகங்களைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒரே கணினியோடு இணைத்தது. ஒரு நூலகம் ஒரு புத்தகத்தைப் பதிந்துவிட்டால் போதும், மற்றவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் ஒரே புத்தகத்துக்கு நூறு ஊரில் நூறு பேர் செய்துகொண்டிருந்த வேலை, ஒருவர் செய்தால் போதும் என்றானது. மிச்சம் 99 பேர்? பலருக்கு வேலை "நகல் எடுத்துச் சரிபார்ப்பது" என்று சுருங்கியது. பட்டம் பெற்ற பட்டியலாளருக்குப் பதில் குறைந்த சம்பளத்தில் உதவியாளர் போதும் என்று நூலகங்கள் கணக்குப் போட்டன. ஐ.டி. துறையில் இப்போது நாம் பேசிக்கொள்கிற பயம் இவர்களுக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஓ.சி.எல்.சி. தனது கடைசி அட்டையை அச்சடித்தது 2015 அக்டோபர் 1 அன்று. அதுவரைக்கும் யாரோ அட்டை வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

சரி, மார்க்கில் என்ன குறை? அது அட்டையைக் கணினிக்குள் வைத்தது. அட்டைக்குள் இருப்பதைக் கணினிக்குப் புரியவைக்கவில்லை. எல்லாமே வெறும் எழுத்துச் சரம். நமக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். "சுஜாதா" என்று ஒரு பெயர். எஸ். ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் எழுதியது. அதே பெயரில் ஒரு நடிகையும் உண்டு. நமக்குக் குழப்பம் இல்லை. கணினிக்கு இரண்டும் அதே மூன்று எழுத்து. கூத்து இதோடு முடியவில்லை. அமெரிக்க நூலகங்கள் தமிழை ரோமன் எழுத்துக்கு மாற்றும் முறையில் "ச"-வுக்கு ஆங்கில "சி" எழுத்துதான் போட வேண்டும். ஆக "எஸ்"-இல் தேடினால் நம்மாள் கிடைக்க மாட்டார், யாராவது ஒரு நூலகர் "இங்கே தேடினால் அங்கே பார்" என்று கைகாட்டி வைத்தாலொழிய.

அந்தக் கைகாட்டி வைக்கும் வேலை பட்டியலாளர்களின் மிகப் பழைய வேலை. ஒரு பெயருக்கு ஒரு வடிவத்தை முடிவு செய்து, மற்ற வடிவங்களை அதற்குக் கீழே கட்டிவைப்பது. யாரும் பாராட்டாத வேலை. 2006-இல் உலகளாவிய வலையின் தந்தை டிம் பெர்னர்ஸ்-லீ "லிங்க்டு டேட்டா" பற்றி ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இணைய முகவரியைப் பெயராகக் கொடு. அந்த முகவரிக்குப் போனால் உருப்படியான தகவல் கிடைக்கட்டும். அங்கிருந்து மற்ற முகவரிகளுக்கு இணைப்பு கொடு. நூலகக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்க வேண்டும். முகவரி என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவர்கள் நூறு வருடமாகச் செய்துவருவதுதானே!

2008-இல் ஸ்வீடன் தேசிய நூலகம் தன் லிப்ரிஸ் பட்டியலை இப்படி வெளியிட்டது. அதே வருடம் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் நிரலாளராக இருந்த எட் சம்மர்ஸ், 1898-இலிருந்து அந்த நூலகம் வளர்த்துவந்த பொருள் தலைப்புகளை எல்லாம் முகவரிகளாக்கி, தனியே ஒரு தளத்தில் போட்டார். பலரும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். டிசம்பரில் அதை மூடச் சொல்லி நூலகம் கேட்க, மூடினார். அடுத்த வருடம், 2009-இல், அதே வேலையை நூலகமே தன் சொந்த முகவரியில் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. பெரிய நிறுவனங்களில் ஒரு நல்ல காரியம் நடக்கும் விதம் இப்படித்தான் போலிருக்கிறது. முதலில் ஒருவர் கேட்காமல் செய்ய வேண்டும்.

முகவரியா, எழுத்தா என்பது வெறும் தொழில்நுட்பச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. 2014-இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் சிலர், பட்டியலில் "இல்லீகல் ஏலியன்ஸ்" என்ற பொருள் தலைப்பு இருப்பதை எதிர்த்தார்கள். ஆவணம் இல்லாமல் குடியேறிய மனிதர்களைச் சட்டவிரோத அந்நியர் என்று ஒரு நூலகம் அழைக்கலாமா என்பது கேள்வி. தங்கள் கல்லூரி நூலகர்களோடு சேர்ந்து லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்கு எழுதினார்கள். முதலில் மறுப்பு வந்தது. 2016 மார்ச்சில் மாற்றுகிறோம் என்று நூலகம் அறிவித்தது. உடனே நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு. கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவே தலையிட்டது. நூலகப் பட்டியலில் இருக்கும் இரண்டு சொல்லுக்காக! விஷயம் கிடப்பில் போனது. 2021 நவம்பரில்தான் அந்தத் தலைப்பு நீக்கப்பட்டு, "நான்சிட்டிசன்ஸ்", "இல்லீகல் இமிக்ரேஷன்" என்ற இரண்டும் அதன் இடத்துக்கு வந்தன.

இதில் தரவு வேலை எங்கே வருகிறது? பழைய முறையில் அந்தச் சொற்கள் உலகெங்கும் உள்ள நூலகங்களின் ஒவ்வொரு பதிவிலும் எழுத்தாகவே உட்கார்ந்திருக்கும். மையத்தில் மாற்றினாலும் ஒவ்வொரு நூலகமும் தன் பதிவுகளைத் தானே திருத்த வேண்டும். முகவரியாக இருந்தால், மையத்தில் பெயர்ப்பலகையை மாற்றினால் போதும். ஆனால் இந்த விஷயத்தில் ஒன்று இரண்டாகப் பிரிந்துவிட்டதே? இந்தப் புத்தகம் மனிதர்களைப் பற்றியதா, குடியேற்றம் என்ற நிகழ்வைப் பற்றியதா, இரண்டுமா? அதை முகவரி சொல்லாது. ஒருவர் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். "எல்லாம் தானாக நடந்துவிடும்" என்று சொல்லிப் பட்டியலாளரைக் குறைப்பவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது என்ன செய்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மார்க்குக்கு மாற்றாக லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2011-இல் தொடங்கிய முயற்சிக்கு பிப்ஃபிரேம் என்று பெயர். 2012-இல் முதல் வரைவு, 2016-இல் இரண்டாம் பதிப்பு. படைப்பு வேறு, அதன் பதிப்பு வேறு, அலமாரியில் உள்ள பிரதி வேறு என்று பிரித்து, மூன்றையும் இணைக்கும் மாதிரி அது. 2018-இல் ஸ்வீடன் தேசிய நூலகம் முழுக்க அதன் அடிப்படையில் மாறியது. அமெரிக்காவில் மெல்லன் அறக்கட்டளையின் நிதியோடு ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், ஹார்வர்டு நூலகங்கள் 2014 முதல் அடுத்தடுத்துத் திட்டங்கள் நடத்தின. நிதி இருக்கும்வரை வேலை, திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேடு என்ற வகை வேலைகள் இந்தத் துறையில் நிறையவே உண்டு. விளம்பரத்தின் கடைசி வரியில் "இரண்டு வருடப் பணி" என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மார்க் செத்துத்தான் ஆகவேண்டும் என்று ராய் டெனன்ட் ஒரு பத்தி எழுதியது 2002-இல். மார்க் இன்னும் ஆரோக்கியமாக இருக்கிறது. கோடிக்கணக்கான பதிவுகளை ஒரே இரவில் மாற்ற யாரிடமும் காசு இல்லை.

ஆவ்ரமைப் போலவே நம் ஊரிலும் கணிதத்திலிருந்து நூலகத்துக்கு வந்த ஒருவர் உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து வேண்டியபடி சேர்ப்பது. இணையக் கடைகளில் விலை, நிறம், அளவு என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துச் சலிக்கிறோமே, நூலகவியலில் அந்த யோசனைக்கு அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

அவரை அமெரிக்கப் பட்டியல் எப்படிப் பதிந்திருக்கிறது தெரியுமா? ரங்கநாதன், எஸ். ஆர்., அதன் பிறகு அடைப்புக்குறிக்குள் அந்த முதலெழுத்துகளின் விரிவு: ஷியாலி ராமாமிருத. இன்னொரு ரங்கநாதனோடு குழம்பாமல் இருக்க முழுப்பெயர் கொடுக்கிறார்களாம். ஷியாலி அவர் ஊர். ராமாமிருதம் அவர் அப்பா.