நண்பகலில் ஓடிய உடல்: மனிதப் பரிணாமத்தில் நீண்டதூர ஓட்டம்

விரைவைப் பொறுத்தவரை மனிதன் மிகச் சாதாரணமான விலங்கு. 2009இல் பெர்லின் நகரில் உசைன் போல்ட் நூறு மீட்டரை 9.58 விநாடிகளில் கடந்தார். அப்போதும் அவரது சராசரி வேகம் மணிக்கு 38 கிலோமீட்டரை எட்டவில்லை. ஆப்பிரிக்கச் சமவெளியின் மான்களில் பல அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரைய வல்லவை. மனித உடலின் வரலாற்றை எழுதியவர்கள் நெடுங்காலம் நடையை மட்டுமே பேசியதற்கு இதுவே காரணம். நிமிர்ந்து நடக்கக் கற்ற உயிரினத்துக்கு ஓட்டம் உபரியாக வாய்த்தது என்று அவர்கள் கருதினர். அந்தக் கருத்து இன்று நிற்காது. ஆனால் அதற்கு எதிராக முன்வைக்கப்படும் ‘ஓடியே இரையை வீழ்த்திய மூதாதை’ என்ற சித்திரமும் சான்றுகளைத் தாண்டிச் செல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் வெப்பத்தின் பங்கை முதன்மைப்படுத்திப் பார்த்தால்தான் ஓட்டத்தின் இடம் தெளிவாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விவாதத்தைத் தொடங்கி வைத்தது 1984இல் டேவிட் கேரியர் எழுதிய கட்டுரை. அவர் ஒரு முரணிலிருந்து தொடங்கினார். தன் எடையுள்ள பிற பாலூட்டிகளோடு ஒப்பிட்டால், மனிதன் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறான். இவ்வளவு செலவாளியான உடல் எப்படி மணிக்கணக்கில் ஓடுகிறது? கேரியரின் விடை, செலவைக் காட்டிலும் வெப்பத்தை வெளியேற்றும் திறனே எல்லையை வகுக்கிறது என்பது. ஓடும் தசை பெருமளவு வெப்பத்தை உண்டாக்குகிறது. மானும் நாயும் அதை முக்கியமாக மூச்சிரைப்பின் மூலமே வெளியேற்றுகின்றன. நாற்கால் பாய்ச்சலிலோ ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று சுவாசம் கால்களோடு பிணைந்துவிடுகிறது. பாய்ந்துகொண்டே இரைப்பது அவற்றால் இயலாது. வெப்பம் உடலிலேயே தேங்குகிறது, சிறிது நேரத்தில் விலங்கு நின்றாக வேண்டும். இரு காலில் ஓடும் மனிதனுக்கு இந்தத் தளை இல்லை. மூச்சையும் காலடியையும் அவன் பல விகிதங்களில் மாற்றிக்கொள்கிறான். அதோடு, உரோமம் குறைந்த தோலில் பரவிய இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் நீரைச் சுரந்து, அது ஆவியாகும்போது உடலைக் குளிர்விக்கின்றன.

இந்தக் கருதுகோளுக்கு எலும்பும் தசையும் சார்ந்த வடிவத்தை 2004இல் ‘நேச்சர்’ இதழில் டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லிபர்மனும் கொடுத்தனர். அவர்களது வாதத்தின் வலு, நடைக்குப் பெரிதும் பயன்படாத உறுப்புகளைச் சுட்டியதில் இருக்கிறது. நடக்கும்போது நம் கால் ஊசல் போல இயங்குகிறது. ஓடும்போதோ தசைநாண்கள் சுருள்வில்லாகி, ஒவ்வோர் அடியிலும் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகின்றன. குதிகாலின் நீண்ட அக்கிலீஸ் தசைநாணுக்கு ஓட்டத்தில்தான் முழு வேலை. சிம்பன்சியில் அது மிகக் குட்டையானது. பிட்டத்தின் பெருந்தசை சமதள நடையில் அதிகம் இயங்குவதில்லை. ஓடும்போது உடல் முன்னால் கவிழாமல் பிடிப்பது அதுவே. உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் இரண்டு மனிதரில் பெரிதாக இருப்பதும், தலையைப் பின்னிருந்து பிடிக்கும் பிடரி இணைநார் நமக்கு இருப்பதும் ஓட்டத்தின் குலுக்கலில் பார்வையும் தலையும் நிலைகுலையாதிருக்க உதவுகின்றன. அந்த இணைநார் குதிரைக்கும் நாய்க்கும் உண்டு, சிம்பன்சிக்கு இல்லை. பின்னர் 2017இல் வெளிவந்த தசை ஆய்வும் இதற்கு வலு சேர்த்தது: களைப்பைத் தாங்கும் மெதுவிழைகள் மனிதத் தசையில் சுமார் 70 விழுக்காடு, சிம்பன்சியில் மூன்றில் ஒரு பங்கு அளவே. வெறும் நடைக்காக இத்தனையும் ஒருசேர அமைந்தன என்று சொல்வதற்கு ஏற்கத்தக்க விளக்கம் எதையும் நான் காணவில்லை.

புதைபடிவங்களின் சாட்சியம் இவ்வளவு உரத்துப் பேசுவதில்லை. 1984இல் கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் கமோயா கிமேயு கண்டெடுத்த சிறுவனின் எலும்புக்கூடு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையானது. நீண்ட கால்கள் அதில் தெளிவாகத் தெரிகின்றன. எத்தியோப்பியாவின் ஹதாரில் கிடைத்த 32 இலட்சம் ஆண்டுப் பழைய ‘லூசி’ என்ற எலும்புக்கூட்டின் குட்டைக் கால்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஆனால் தசைநாணும் வியர்வைச் சுரப்பியும் படிவமாவதில்லை. நீண்ட கால் நடைக்கும் நல்லதே. ஆக, அச்சிறுவன் சார்ந்த ஹோமோ எரெக்டஸ் இனத்தின் காலத்தில் உடல் ஓட்டத்துக்குத் தகுதி பெற்றிருந்தது என்பது வலுவான ஊகம். எதற்காக ஓடியது என்பதை எலும்பு சொல்லாது.

வேட்டை என்ற விடை இங்கேதான் நுழைகிறது. அதற்குப் பெரிதும் காட்டப்படும் சான்று ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலம். லூயிஸ் லீபன்பெர்க் அங்கே சான் இன வேட்டைக்காரர்களோடு ஓடிப் பதிவு செய்தவை புகழ்பெற்றவை: 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வெயிலில், இரண்டு முதல் ஐந்து மணி நேரம், 25 முதல் 35 கிலோமீட்டர் வரை கூடூ போன்ற பெரிய மான்களைத் துரத்தினார்கள், விலங்கு வெப்பத்தால் நிலைகுலைந்து நின்றபோது கொன்றார்கள். இதை ஆதி மனிதருக்குச் சான்றாகக் கொள்வதை டிராவிஸ் பிக்கரிங்கும் ஹென்றி பன்னும் மறுத்தனர். கலஹாரியின் மணலில் தடம் தெளிவாக விழும். ஆதி மனிதர் வாழ்ந்த மரங்கள் நிறைந்த சவன்னாவில் விழாது. தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டையில் ஓடுவது அரிது. மேலும், ஓல்டுவாய் பள்ளத்தாக்கின் 18 இலட்சம் ஆண்டுப் பழைய களத்தில் கிடைத்த பெரிய மான்களில் வலுவான நடுவயது விலங்குகளே மிகுதி. துரத்திப் பிடித்திருந்தால் குட்டியும் கிழமும் நோயுற்றதுமே மிகுந்திருக்க வேண்டும் என்பது அவர்களது வாதம்.

இந்தக் கடைசி மறுப்பு எனக்கு உறுதியானதாகப் படவில்லை. கலஹாரி வேட்டைக்காரர்கள் விரும்பித் துரத்தியது நன்கு வளர்ந்த ஆண் கூடூவை. கனத்த கொம்பு அதை விரைவில் சோர வைக்கிறது. உடல் பெருத்தால் வெப்பத்தை இழப்பதும் அரிதாகிறது. வெப்பம்தான் ஆயுதம் என்றால் வலுத்த விலங்கே எளிய இரை. தடம் பற்றிய மறுப்பு அப்படியல்ல. இரையைக் காணாத நேரத்திலும் தொடர வேண்டுமானால், தடத்திலிருந்து அதன் போக்கை ஊகிக்கும் மூளை வேண்டும். கால்கள் நீண்ட காலத்திலேயே அந்த மூளையும் முதிர்ந்திருந்தது என்பதற்குச் சான்று இல்லை.

துரத்தும் வேட்டை இன்று அரிதாகத் தென்படுவதை வைத்து முன்பும் அது அரிது என்று முடிவு கட்டியவர்களுக்கு 2024இல் பதில் வந்தது. யூஜின் மோரினும் புரூஸ் விண்டர்ஹால்டரும் பழைய பயணக் குறிப்புகளிலும் இனவரைவியல் நூல்களிலும் தேடி, உலகெங்கும் 272 இடங்களிலிருந்து ஏறத்தாழ 400 பதிவுகளைத் திரட்டினர். கிடைக்கும் இறைச்சிக்கும் செலவிடும் ஆற்றலுக்குமான கணக்கில் அது பிற வேட்டை முறைகளுக்கு ஈடானதாகவே இருக்கலாம் என்றும் காட்டினர். துப்பாக்கியும் குதிரையும் வேட்டைநாயும் பரவிய பின் மறைந்த ஒரு முறையை, மறைந்த பிறகு தேடிப் பார்த்து இல்லை என்று சொல்லியிருக்கிறோம். ஆயினும் இந்தப் பதிவுகள் அனைத்தும் நம்மைப் போன்ற மூளையும் மொழியும் உள்ளவர்களைப் பற்றியவை. இயலும் என்பதை அவை நிறுவுகின்றன. எப்போது தொடங்கியது என்பதை நிறுவுவதில்லை.

ஆகவே வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்கிறேன். பெரும் ஊனுண்ணிகள் நிழலில் ஒதுங்கும் நண்பகல், பிறர் பயன்படுத்தாத நேரம். அந்த நேரத்தில் வெளியே இயங்க வல்ல உடலே முதல் வெற்றி. கிழங்கு தேடவும் நீர்நிலைக்குச் செல்லவும் அது உதவியது. தொலைவில் வட்டமிடும் கழுகுகளைக் கண்டு, கழுதைப்புலிகளுக்கு முன் இரைச்சடலத்தை அடையவும் உதவியது. பெரும்பகுதி நடை, இடையிடையே ஓட்டம் என்ற இந்த வாழ்வில் ஒரு கிலோமீட்டர் விரைவாகச் சென்றாலே பயன் உண்டு. முப்பது கிலோமீட்டர் துரத்தலுக்குத் தேவையான அறிவு வரும்வரை இயற்கைத் தேர்வு காத்திருக்க வேண்டியதில்லை. கல்லால் இறைச்சி அறுத்த தடயங்கள் 25 இலட்சம் ஆண்டுக்கு முந்தையவை. கிடைத்துள்ள மிகப் பழைய மர ஈட்டியோ சுமார் நான்கு இலட்சம் ஆண்டுப் பழமையானதே. மரம் மக்கிவிடும் என்பது உண்மைதான். என்றாலும் இந்த இடைவெளியில் கால்களின் பங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும். குளிர்நிலத்தில் வாழ்ந்த நியாண்டர்தால் மனிதரின் குதிகால் எலும்பின் அமைப்பு, நம்முடையதைவிட ஓட்டத்தில் சிக்கனம் குறைந்தது என்று 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெயில் குறைந்த நிலத்தில் ஓட்டத்தின் மதிப்பும் குறையும் என்ற எதிர்பார்ப்போடு இது பொருந்துகிறது.

இந்த வரிசைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வேட்டைச் சித்திரம் ஆணை மட்டுமே மையத்தில் வைத்தது. வியர்வையும் தசைநாணும் பிடரி இணைநாரும் பெண்ணுக்கும் அப்படியே உள்ளன. உணவு தேடும் குழு முழுவதும் நண்பகலில் இயங்கியது என்று கொண்டால் அதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

இனி தேட வேண்டியது பாதத்திலும் குதிகாலிலும் உள்ள சிறு எலும்புகளை. துர்கானா சிறுவனுக்குப் பாத எலும்புகள் ஏறக்குறைய கிடைக்கவே இல்லை. 20 முதல் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு இடைப்பட்ட முழுமையான பாதங்கள் கிடைக்கும்வரை, ஓடும் உடல் என்பதை நிறுவப்பட்ட முடிவுக்கு மிக அருகிலும், ஓடிய வேட்டைக்காரன் என்பதை வாய்ப்புள்ள கருதுகோளாகவும் வைப்பதே சரி.